நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது?

கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஒரு கர்ப்பிணிக்கு நள்ளிரவில் இரத்தப்போக்கு தொடங்கினால், பெரிய மருத்துவமனையை அடைய மூடுபனி இறங்கிய மலைப்பாதையின் வளைவுகளைக் கடந்தாக வேண்டும். நஞ்சுக்கொடி (பிளாசென்டா) கருப்பை வாயை மூடியிருந்தால் இத்தகைய இரத்தப்போக்கு நேரலாம். ஆகவே அது கருப்பையில் எங்கே ஒட்டியிருக்கிறது என்பதை முன்கூட்டியே அறிவது நீலகிரியில் கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் அதை அறிய உதவுவது ஒலி. வயிற்றின் மீது வைக்கப்படும் கருவி, நொடிக்குச் சுமார் 20 முதல் 50 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியலைகளை உள்ளே அனுப்புகிறது. நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் செல்லும் அவ்வலைகள், ஒரு திசு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடங்களில் எதிரொலித்துத் திரும்புகின்றன. திரும்பிவரும் நேரத்திலிருந்து ஆழத்தையும், எதிரொலியின் வலிமையிலிருந்து வெளிச்சத்தையும் கணக்கிட்டுக் கணினி படம் வரைகிறது. பனிக்குட நீர் கறுப்பாகவும், நஞ்சுக்கொடி சாம்பல் நிறத்திலும் தெரியும். இதில் எக்ஸ் கதிர் இல்லை.

ஐந்தாம் மாத ஸ்கேனில் "நஞ்சு கீழே இருக்கிறது" என்று எழுதியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் அது கருப்பையின் கீழ்ப்பகுதியை அழுத்தி, நஞ்சுக்கொடி உள்ளதைவிடத் தாழ்வாக இருப்பதுபோல் காட்டும். மேலும், கருப்பையின் கீழ்ப்பகுதி வளர்ந்து நீளும்போது, ஒட்டிய இடத்திலேயே இருக்கும் நஞ்சுக்கொடி கருப்பை வாயிலிருந்து பெரும்பாலும் விலகிவிடுகிறது. அதனால்தான் 32ஆம் வாரத்தை ஒட்டி மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறதே என்று எண்ணி இந்த ஸ்கேனை விட்டுவிடக் கூடாது என்பதை நான் அழுத்திச் சொல்வேன், ஏனெனில் நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருக்கும் 'பிளாசென்டா பிரீவியா' நிலையில் பெரும்பாலும் வலியே இல்லாமல் இரத்தம் கொட்டும். நஞ்சுக்கொடியின் விளிம்புக்கும் கருப்பை வாய்க்கும் உள்ள இடைவெளியைத் துல்லியமாக அளக்க யோனிவழி ஸ்கேனே சிறந்தது. பயிற்சி பெற்றவர் செய்தால் அது பாதுகாப்பானது. இடைவெளி 2 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் தாழ்ந்த நஞ்சுக்கொடி என்பர்.

முன்பு சிசேரியன் நடந்திருந்தால் கவலை வேறு. பழைய தழும்பில் ஒட்டிய நஞ்சுக்கொடி கருப்பைத் தசைக்குள் ஊடுருவினால் அது 'அக்ரீட்டா'. இயல்பாக நஞ்சுக்கொடிக்கும் தசைக்கும் நடுவே தெரியும் மெல்லிய கறுப்புக் கோடு அழிந்திருப்பதும், நஞ்சுக்கொடிக்குள் ஒழுங்கற்ற இரத்தக் குளங்கள் தெரிவதும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் முறையில் சிறுநீர்ப்பைச் சுவரை நோக்கி இரத்தக்குழாய்கள் அடர்ந்திருப்பதும் அதன் அறிகுறிகள். நஞ்சுக்கொடி கருப்பையின் பின்சுவரில் இருந்து ஸ்கேனில் தெளிவாகத் தெரியாவிட்டால் எம்.ஆர்.ஐ. துணைக்கு வரும். ஐயம் வலுத்தால், பிரசவ நாளுக்குப் பல வாரங்கள் முன்பே, போதிய இரத்த இருப்பும் தேர்ந்த அறுவைக் குழுவும் உள்ள மருத்துவமனைக்கு அருகில் அப்பெண்ணைத் தங்க வைக்க ஏற்பாடு செய்யலாம்.