குடல்வால் அறுவை: எத்தனை துளை என்று மட்டும் கேட்காதீர்கள்

"டாக்டர், ஒரே ஓட்டையில எடுத்துடுவீங்களா?" குடல்வால் அழற்சியோடு வரும் இளம் வயதினர் பலர் இப்போது முதலில் கேட்பது இதைத்தான். தழும்பைப் பற்றிய கவலை நியாயமானதுதான். ஆனால் துளையின் எண்ணிக்கையைவிட, அந்தத் துளையில் நாங்கள் செருகும் கருவியைப் பற்றிக் கேட்டால் உங்களுக்கு இன்னும் பயன் உண்டு.

அந்தக் கருவியைப் போர்ட் என்போம். வால்வு வைத்த ஒரு குழாய், அதை உள்ளே இறக்க ட்ரோக்கார் என்ற குத்துக்கம்பி. கார்பன் டை ஆக்சைடால் உப்ப வைத்த வயிற்றிலிருந்து வாயு வெளியேறாமல் கேமராவும் கருவிகளும் போய்வர அதுதான் வாசல். 1980இல் ஜெர்மனியின் கீல் நகரில் குர்ட் செம் என்ற மகளிர் நோய் மருத்துவர் லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியே கேமராவால் பார்த்தபடி, குடல்வாலை அகற்றியபோது, அறுவை மருத்துவர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று தொப்புளில் 10 மி.மீ. போர்ட் ஒன்று, அடிவயிற்றில் 5 மி.மீ. போர்ட் இரண்டு என்பது வழக்கமாகிவிட்டது.

இதில் என்னை இன்றும் மூச்சைப் பிடித்துக்கொள்ள வைப்பது முதல் போர்ட். ஒல்லியான ஆளுக்குத் தொப்புளுக்கும் பின்னால் ஓடும் பெருந்தமனிக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான். வெரெஸ் ஊசியைக் குத்தி வாயு ஏற்றிவிட்டு ட்ரோக்காரை இறக்குவது ஒரு வழி. சிறிதாகக் கீறி, உள்ளே கண்ணால் பார்த்தபின் மழுங்கிய முனைக் குழாயை வைப்பது இன்னொன்று. இது 1971இல் ஹாசன் என்ற மருத்துவர் சொன்ன முறை. பழகிய கையில் இரண்டும் நல்ல முறைகளே. நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். மற்ற போர்ட்களுக்கும் கத்திமுனை இல்லாததே எனக்குப் பிடிக்கும். அது தசையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும், துளையில் ரத்தக்கசிவு குறையும்.

சரி, ஒரே துளை? தொப்புளில் ஏறக்குறைய 2 செ.மீ. கீறி, மூன்று வாய்கள் கொண்ட ஒரு போர்ட்டை வைப்பார்கள். பல ஆயிரம் ரூபாய் விலை, ஒரு முறைதான் பயன்படும். அதற்குப் பதில், காயத்தை விரிக்கும் வளையத்தின் மேல் கிருமி நீக்கிய கையுறையை மாட்டி, அதன் விரல் நுனிகளில் ட்ரோக்கார்களைக் கட்டியும் செய்யலாம். கையுறை வளைந்து கொடுப்பதால் கருவிகளை அசைப்பது இதில் சுலபம் என்றுகூடச் சொல்வேன். எதுவானாலும் கருவிகள் ஒன்றோடொன்று மோதும், நேரம் கூடும். தழும்பு தொப்புளுக்குள் மறையும். வலி பெரிதாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். கீறல் பெரிது என்பதால், தசையுறையைச் சரியாகத் தைக்காவிட்டால் பின்னால் குடலிறக்கம் வரலாம். வெடித்த குடல்வாலுக்கும் அதிக உடல்பருமன் உள்ளவருக்கும் நான் மூன்று துளைதான் போடுவேன்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது, நோயாளிகள் யாருமே கேட்பதில்லை: கருவியை எப்படிக் கிருமி நீக்குகிறீர்கள்? வேறோர் ஊரில் அறுவை முடிந்து ஒரு மாதம் கழித்து ஓர் இளம்பெண் என்னிடம் வந்தார். தொப்புள் துளையில் சிறு கட்டி, நீர் போன்ற கசிவு. மூன்று விதமான ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் ஆறவில்லை. காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமி ஒன்று அங்கே குடியேறியிருந்தது. அது தண்ணீரிலும் மண்ணிலும் வாழ்வது. கருவியைக் கழற்றித் தேய்க்காமல் குளூட்டரால்டிஹைடு என்ற கிருமிநாசினிக் கரைசலில் கொஞ்ச நேரம் முக்கி, சாதாரணத் தண்ணீரில் அலசினால் அது தப்பிவிடும். மாதக்கணக்கில் மருந்து எடுத்தபின்தான் அவருக்கு ஆறியது. உலோகப் போர்ட்டை முழுதாகக் கழற்றி, கழுவி, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்திருந்தால் இந்த அவதியே இல்லை. மறுபயன்பாட்டுப் போர்ட் மோசம் என்று நான் சொல்லவில்லை. முறையாகச் சுத்தம் செய்தால் செலவு குறைந்த நல்ல கருவி அது. ஒரு முறை மட்டும் பயன்படுத்த வேண்டிய பிளாஸ்டிக் போர்ட்டைத் திரும்பத் திரும்ப ஊறவைப்பதுதான் எனக்குப் பயம்.

அறுவை முடிந்து மூன்று நான்கு வாரம் கழித்துத் துளையில் கட்டியோ கசிவோ தெரிந்தால், மருந்துக்கடை மாத்திரையோடு நின்றுவிடாமல் மருத்துவரிடம் போங்கள். சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பும்போது இந்த வகைக் கிருமிக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.