டி டிரைவில் வைத்தால் பிழைத்துவிடும் என்று யார் சொன்னது?

“எல்லாம் டி டிரைவில்தான் அண்ணா இருந்தது. அதை நான் தொடவே இல்லை.”

கும்பகோணத்தில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த வாக்கியம் மனப்பாடமாகிவிட்டது. கடைசியாக இதைச் சொன்னவர் வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த கல்லூரி மாணவர். அப்பா கல்யாணப் புகைப்படக்காரர். மகன், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமாகிய லினக்ஸைக் கற்பதற்காக ஒரு தொடக்கநிலைக் கையேட்டை வாங்கி, பக்கம் பக்கமாகப் படித்து, அதில் சொன்னபடியே அப்பாவின் கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை நிறுவியிருக்கிறார். நிறுவலில் ஒரு பிழையும் இல்லை. தை மாத முகூர்த்தங்களில் எடுத்து, இன்னும் ஆல்பம் போடாத படங்கள்தான் இல்லை. கேமராவின் மெமரி கார்டுகளை அப்பா அடுத்த கல்யாணத்துக்காக எப்போதோ அழித்துவிட்டார்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததிலிருந்து இப்படி வருபவர்கள் கூடிவிட்டார்கள். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய பிராசஸரும் பழைய கணினிகளில் இல்லை. நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப்போட யாருக்கு மனம் வரும்? ‘லினக்ஸ் போட்டுக்கொள், இலவசம்’ என்று யாராவது சொல்கிறார்கள். சொல்பவர்கள் தவறாகச் சொல்லவில்லை. என் கடைக் கணினியிலும் டெபியன் என்ற லினக்ஸ் வகைதான் ஓடுகிறது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கிய லினக்ஸ் கருநிரல் (கெர்னல்)தான் இன்று நம் எல்லோருடைய ஆண்டிராய்டு தொலைபேசியிலும் ஓடுகிறது. ஆகவே ‘இந்த லினக்ஸ் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டது’ என்று அந்த அப்பா திட்டியபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அது கேட்டுவிட்டுத்தான் அழித்தது. கேள்வியைப் படிக்காமல் ‘சரி’ என்று அழுத்தியவர்கள் நாம்.

இப்போது அந்த டி டிரைவ் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பொறுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். சி என்பதும் டி என்பதும் இரண்டு டிஸ்க்குகள் அல்ல. பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க். வாங்கிய நாளில் கடைக்காரர் அதை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். ஒரே சர்வே எண்ணில் உள்ள வயலுக்கு நடுவே வரப்பு போட்டதைப் போலத்தான் அது. டிராக்டர்காரரிடம் ‘வயல் முழுவதையும் உழுதுவிடு’ என்று சொல்லிவிட்டு, ‘வரப்புக்கு அந்தப் பக்கத்தை ஏன் தொட்டாய்’ என்று கேட்க முடியாது. உபுண்டுவை நிறுவித் தரும் மென்பொருளான நிறுவியில் ‘டிஸ்க்கை அழித்து உபுண்டுவை நிறுவு’ என்று வரும் தேர்வில் ‘டிஸ்க்’ என்றால் டிஸ்க் முழுவதும். சி, டி, இ என்று எத்தனை எழுத்துகள் இருந்தாலும் அத்தனையும்.

விண்டோஸை மறுபடி நிறுவும்போது சி மட்டும் அழிந்து டி தப்பிப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த நம்பிக்கை இது. கடைக்காரர்களான நாங்களும் ‘முக்கியமானதை டி-யில் வையுங்கள்’ என்று இத்தனை ஆண்டுகளாகச் சொல்லி அதை வளர்த்திருக்கிறோம். சி, டி என்ற எழுத்துகளே விண்டோஸ் வைக்கும் பெயர்கள். லினக்ஸ் அவற்றை அறியாது. அங்கே முதல் டிஸ்க் எஸ்.டி.ஏ., அதன் பார்ட்டிஷன்கள் (பிரிவுகள்) எஸ்.டி.ஏ.1, எஸ்.டி.ஏ.2 என்று போகும். புதிய மடிக்கணினிகளில் என்.வி.எம்.இ. என்று தொடங்கும் பெயர் வரும். நிறுவியின் திரையில் ‘டி’ என்ற எழுத்தைத் தேடிக் காணாமல், ‘அது பத்திரமாக எங்கோ ஒதுங்கியிருக்கிறது’ என்று முடிவுகட்டிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த ஆபத்தைக் கையேடுகள் அழுத்திச் சொல்வதில்லை. அதற்கு ஒரு காரணமும் உண்டு. நூலாசிரியர்கள் பெரும்பாலும் கணினிக்குள் மென்பொருளாலேயே உருவாக்கிய மெய்நிகர் கணினி ஒன்றில் நிறுவித்தான் திரைப்பிடிப்புகளை (ஸ்கிரீன்ஷாட்) எடுக்கிறார்கள். அந்த டிஸ்க்கில் அழிய ஒன்றுமே கிடையாது. அதனால் படத்தில் ‘டிஸ்க்கை அழி’ என்பதே தேர்வாகியிருக்கும். மாணவர் தன் திரையும் புத்தகத்தின் படமும் ஒன்றாக இருப்பதைக் கண்டு நிம்மதியாக அடுத்த பொத்தானை அழுத்துகிறார்.

அழிந்த பிறகு செய்பவை இன்னும் மோசம். பதற்றத்தில் அதே டிஸ்க்கின் மேல் விண்டோஸை மறுபடி நிறுவிவிட்டு, அதன்பின் என்னிடம் வருகிறார்கள். ‘ஏதாவது சாஃப்ட்வேர் போட்டு எடுத்துக் கொடுங்கள்’ என்பார்கள். பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்து, உடனே நிறுத்தியும் இருந்தால், டெஸ்ட்டிஸ்க் போன்ற கட்டற்ற கருவியால் ஓரளவு மீட்கலாம். சில்லுகளில் சேமிக்கும் புதிய வகை டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. என்றால் எனக்கே நம்பிக்கை குறைவு. கோப்புகளை வைப்பதற்கான இ.எக்ஸ்.டி.4 அமைப்பை உருவாக்கும்போதே லினக்ஸ் ‘இந்த இடம் முழுவதும் தேவையில்லை’ என்று எஸ்.எஸ்.டி.யிடம் சொல்லிவிடுகிறது. எஸ்.எஸ்.டி.யும் அதைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறது. வலங்கைமான் தம்பியின் கணினியில் இருந்தது எஸ்.எஸ்.டி.

ஆகவே தவறு நடந்தது தெரிந்த கணமே கணினியை அணைத்துவிடுங்கள். வேறு எதையும் நிறுவாதீர்கள், எதையும் பதிவிறக்காதீர்கள். அப்படியே கொண்டுவாருங்கள்.

புத்தகத்தின் வயதையும் பாருங்கள். பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கிய கையேட்டின் பின்னட்டையில் ஒரு டிவிடி இருக்கும். அதைத் தயவுசெய்து போடாதீர்கள். உபுண்டுவின் பதிப்பு எண்ணிலேயே ஆண்டும் மாதமும் இருக்கின்றன. 24.04 என்றால் 2024 ஏப்ரல். ஈராண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வரும் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. இடையில் வருபவற்றுக்கு ஒன்பது மாதம்தான். காலாவதியான பதிப்பைப் போட்டால் வைஃபை தெரியாமல் போகலாம், மென்பொருள் நிறுவினால் பிழைச் செய்தி வரலாம். உடனே ‘லினக்ஸே இப்படித்தான்’ என்று கை கழுவிவிடுவீர்கள். உபுண்டுவின் திரையமைப்பு 2017-இல் யூனிட்டியிலிருந்து க்னோமுக்கு மாறியது. அதற்கு முந்தைய கையேட்டில் இருக்கும் படங்கள் இன்றைய திரையோடு ஒத்துப்போகாது. கோப்புறைகள், உரிமைகள், கட்டளைகள் பற்றிய அத்தியாயங்கள் மட்டும் இன்றும் பெரும்பாலும் செல்லும். அந்தப் பகுதிகளுக்காகப் பழைய புத்தகத்தை வாங்குவதில் தவறில்லை.

முதலில் லைவ் முறையில் கற்றுக்கொள்ளுங்கள். உபுண்டுவைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கி, ‘நிறுவாமல் முயன்று பார்’ என்ற தேர்வை எடுங்கள். அணைத்தால் செய்தவை மறைந்துவிடும். கையேட்டின் முதல் பாதியை இப்படியே படித்து முடிக்கலாம். ஆனால் இங்கேயும் உள் டிஸ்க்கைத் திறந்து ஒரு கோப்பை அழித்தால் அது அழிந்ததுதான். ஏற்றும் பென்டிரைவில் உள்ளவையும் போய்விடும். அக்காவின் ஆய்வேடு இருக்கும் பென்டிரைவை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள்.

நிறுவியே ஆக வேண்டும் என்றால் பேக்கப் எடுங்கள். வேறொரு டிஸ்க்கில், கணினியிலிருந்து கழற்றி வைக்கக்கூடிய ஒன்றில். எடுத்த பிறகு இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால், அதன் டிஸ்க் மேலாண்மைப் பகுதியிலேயே இடத்தைச் சுருக்கிவிட்டு வாருங்கள். விண்டோஸை முழுதாக அணையவிடாத பாஸ்ட் ஸ்டார்ட்அப் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். பேட்டரி செத்த மடிக்கணினியில், ஐப்பசி மழை நாளில், மின்சாரம் எந்த நிமிடம் போகும் என்று தெரியாத நேரத்தில் பார்ட்டிஷனைச் சுருக்க உட்காராதீர்கள். புயல் வந்தால்தான் இங்கே கம்பி அறுகிறது என்று இல்லை.

புதிய மடிக்கணினிக்காரர்கள் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரைக் கவனிக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாமலேயே அது இயக்கத்தில் இருக்கலாம். பயாஸில் ஏதாவது மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு விண்டோஸ் நின்றுவிடும். அந்த எண்ணை முன்கூட்டியே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்துத் தாளில் எழுதி வையுங்கள். டிஸ்க் இப்படிப் பூட்டப்பட்டிருந்தால் ‘விண்டோஸுடன் சேர்த்து நிறுவு’ என்ற தேர்வு நிறுவியில் வராமலும் போகலாம். மிச்சம் இருப்பது ‘அழி’ மட்டுமே என்று பார்த்து, ‘இதுதான் போலிருக்கிறது’ என்று அழுத்தியவர்கள் என் கடை நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். எதிர்பார்த்த தேர்வு வரவில்லையென்றால் வெளியேறுங்கள். நிறுவலை நாளைக்குச் செய்யலாம்.

அரிசி ஆலைக்காரர்களுக்கும் உரக்கடைக்காரர்களுக்கும் ஒன்று. கணக்கு மென்பொருளான டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. கணக்குக் கணினியில் கை வைக்க மகனை விடாதீர்கள். டி.டி.பி. கடைகளில் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய கோப்புகளையும் முதலில் சோதித்துப் பாருங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்பவர்களுக்குக் கவலையில்லை, தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் நன்றாகவே வேலை செய்கிறது.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைப் பற்றி இவ்வளவுதான் சொல்வேன்: நிர்வாகி உரிமையோடு ஓடும், சூடோ என்று தொடங்கும் கட்டளை ஒவ்வொன்றையும் தட்டச்சு செய்வதற்கு முன் அது என்ன செய்யும் என்று உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லத் தெரியவில்லையென்றால் என்டர் விசையைத் தொடாதீர்கள். ஆர்.எம். கட்டளையால் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போவதில்லை. டிஸ்க்கின் மேல் நேரடியாக எழுதிவிடும் டி.டி. கட்டளையில் புத்தகம் எஸ்.டி.பி. என்று எழுதியிருப்பது ஆசிரியரின் பென்டிரைவ். உங்கள் கணினியில் அதே பெயரில் இருப்பது இரண்டாவது டிஸ்க்காக இருக்கலாம்.

பயிற்சிக்குக் கணினி இல்லை என்பவர்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். 2011-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி டெல்டாவில் எத்தனையோ வீடுகளில் தூசி படிந்து கிடக்கிறது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸோடு சேர்ந்தே அவற்றில் பலவற்றில் வந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் உண்மை. அதில் உள்ள படங்களை எடுத்துவிட்டு, விருப்பம்போல் அழித்து, நிறுவி, கெடுத்து, மறுபடி நிறுவுங்கள். உபுண்டு அதற்குக் கனமாக இருக்கும், அதன் இலகுவான வகையான லூபுண்டு போடுங்கள். அதுவும் திணறினால் ரேமைக் கூட்டிக்கொள்ளுங்கள். பயன்படுத்திய டி.டி.ஆர்.3 ரேம் கும்பகோணத்திலேயே கிடைக்கிறது. வரும்போது பழைய ரேமைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள், வகை பார்த்துத்தான் தர முடியும்.