சொல் விளக்கம்: என்ரோல்மென்ட் – சேர்க்கை, மறுசேர்க்கை, மறுநிறுவல்

களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து கேரள எல்லையைக் கடந்து, திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்துக்கு வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் ஏராளம். 1990இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க் என்ற தகவல் தொழில்நுட்பப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது பழகிவிட்ட பிறகு, நிறுவனத்தின் மடிக்கணினி எல்லையைக் கடந்து இப்பக்கத்து வீடுகளுக்கு வந்துவிட்டது. கூடவே, நிறுவனம் அந்தக் கணினியைத் தொலைவிலிருந்து மேலாண்மை செய்வது தொடர்பான சில சொற்களும் வந்தன: என்ரோல்மென்ட், ரீ-என்ரோல்மென்ட், ஏஜென்ட் ரீஇன்ஸ்டால். தமிழில் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இம்மூன்றையும் 'பதிவு', 'மறுபதிவு' என்ற ஒரே கூடைக்குள் போட்டுவிடுகிறார்கள். அது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். இவை மூன்றும் வெவ்வேறு செயல்கள். ஒன்று முடிந்ததும் மற்றதும் முடிந்துவிட்டது என்று நம்புவதால்தான் மறுசேர்க்கைக்குப் பிறகு கணினி பாதி வேலையில் நின்றுவிடுகிறது.

முதலில் மூலச்சொல். என்ரோல் என்பது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் உள்ளே இருப்பது ரோல், அதாவது சுருள். இலத்தீனில் ரோட்டா என்றால் சக்கரம். ரோட்டுலுஸ் என்றால் சின்னச் சக்கரம், பிறகு சுருட்டிய தோலேடு. அரசுக் கணக்குகளும் ஆட்களின் பெயர்களும் அந்தத் தோலேட்டில்தான் எழுதப்பட்டன. ஆக, சுருளில் பெயரை ஏற்றுவதே என்ரோல். வாக்காளர் பட்டியலை ஆங்கிலத்தில் இன்றும் ரோல் என்றுதான் சொல்கிறார்கள். மூணாறு, பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கூலிக் கணக்குக்குச் சொல்லும் 'செக்ரோல்' அதே சொல்லின் மற்றொரு கிளை. அந்த ஏட்டில் பெயர் இருந்தால்தான் ஒருவர் தோட்டத்தின் ஆள். இல்லாவிட்டால் எத்தனை நாள் கொழுந்து கிள்ளினாலும் கணக்கில் இல்லை.

இதே கருத்து நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் புரவுவரித் திணைக்களம் என்று ஒரு துறை வருகிறது. அதில் வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை என்று அலுவலர்களின் பெயர்கள் வரிசையாகக் காணக் கிடைக்கின்றன. ஒரு நிலத்தைத் தானமாகக் கொடுத்தால் அரசன் வாய்மொழியாக ஆணையிட்டது மட்டும் போதாது. அது ஓலையில் எழுதப்பட்டு, சரிபார்க்கப்பட்டு, 'வரியிலிட்டு' முடிக்கப்பட வேண்டும். வரியிலிடுதல் என்றால் கணக்கேட்டில் ஏற்றுதல். சுருளில் ஏற்றுவதும் வரியில் இடுவதும் ஒரே செயல்தான். பழைய சொல்லை அப்படியே எடுத்து மடிக்கணினிக்குச் சூட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இன்று வரி என்றதும் வருமான வரிதான் நினைவுக்கு வரும். ஆனால் ஆணை ஒன்று, ஏட்டில் ஏற்றுவது வேறொன்று என்ற தெளிவு நமக்குப் புதிதில்லை.

இன்றைய தமிழில் அந்த இடத்துக்கு நான் பரிந்துரைக்கும் சொல் 'சேர்க்கை'. வாக்காளர் பட்டியலில் 'பெயர் சேர்த்தல்' என்கிறோம், பள்ளியில் 'மாணவர் சேர்க்கை' என்கிறோம். கேரள எல்லையிலுள்ள பாறசாலையைத் தாண்டினால் மலையாளத்திலும் 'பேரு சேர்க்கல்' என்றே காதில் விழுகிறது. இரண்டு பக்கத்தாருக்கும் விளக்கம் இல்லாமலே புரிகிற சொல் அது. 'சேர்' என்ற வினைக்குள் இன்னொரு நன்மையும் உண்டு. சேர்ந்தவர் ஒரு கட்டுக்குள் வருகிறார். பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு நேரமும் சீருடையும் விதியும் உண்டு. கருவி மேலாண்மையில் என்ரோல்மென்ட் என்பதும் அதுதான்: கணினி நிறுவனத்தின் மேலாண்மைச் சேவையை ஏற்றுக்கொண்டு, அது அனுப்பும் விதிகளுக்குக் கீழ்ப்படிய ஒப்புக்கொள்வது.

அப்படியானால் 'பதிவு' எதற்கு? ரெஜிஸ்ட்ரேஷன் என்பதற்கு. இந்த வேறுபாட்டை எல்லைப் பகுதியில் நிலம் வாங்கியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. கேரளப் பக்கம் நிலம் வாங்கினால் சார்பதிவாளர் அலுவலகத்தில் 'ஆதாரம்', அதாவது பத்திரம், பதிவாகும். அத்தோடு முடியாது, பிறகு வில்லேஜ் ஆபீசில் 'போக்குவரவு' செய்து, நிலவரி ஏடு புதியவர் பெயருக்கு மாற வேண்டும். நம் பக்கத்தில் அதைப் பட்டா மாறுதல் என்கிறோம். பத்திரம் கையில் இருக்கிறது, ஆனால் நிலவரி கட்டப் போனால் ரசீது பழைய உடைமைக்காரர் பெயரில் வருகிறது என்ற நிலையைப் பலர் பார்த்திருக்கிறார்கள். கணினியிலும் இதுவே நடக்கிறது. நிறுவனக் கோப்பகத்தில் கணினியின் அடையாளம் ஏறியது பதிவு. மேலாண்மைச் சேவையின் ஏட்டில் அது ஏறியது சேர்க்கை.

விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'டிஎஸ்ரெக்சிஎம்டி' என்ற கட்டளையை 'ஸ்டேட்டஸ்' என்ற குறிப்புடன் (dsregcmd /status) இயக்கினால் ஒரு நீண்ட அறிக்கை வரும். அதில் கணினி நிறுவனத்தோடு இணைந்திருக்கிறதா என்பதற்கு ஆம், இல்லை என்று விடை இருக்கும். சற்றுக் கீழே மேலாண்மைச் சேவையின் முகவரியும் இருக்கலாம். அந்த முகவரியைக் கண்டதும் 'சேர்ந்துவிட்டது' என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. முகவரி இருப்பதால் மட்டும் கணினி மேலாண்மைக்குள் வந்துவிட்டதாக ஆகாது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே எச்சரிக்கிறது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்திருப்பது வேறு, போய்ச் சேர்ந்திருப்பது வேறு.

அடுத்தது ஏஜென்ட். காப்பீட்டு முகவர், வாக்குச்சாவடி முகவர் என்று நாம் நாள்தோறும் புழங்கும் 'முகவர்' இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. மனிதரோடு குழம்பாமல் இருக்க 'முகவர் மென்பொருள்' என்று எழுதலாம். விண்டோஸ் 10 போன்ற இயங்குதளங்களுக்குள் மேலாண்மைக் கட்டளைகளைக் கேட்கும் பகுதி ஒன்று பிறவியிலேயே உண்டு. கடவுச்சொல் விதி, வைஃபை அமைப்பு, கணினியின் அடையாளத்தை உறுதிசெய்யும் மின்சான்றிதழ் போன்றவற்றை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் பெரிய மென்பொருள்களைப் போடுவது, ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஓட்டுவது போன்ற வேலைகளுக்கு அது போதாது. அதற்காகத் தனியே ஒரு முகவர் மென்பொருள் வந்து உட்காருகிறது. மைக்ரோசாஃப்ட் இன்ட்யூன் என்ற சேவையில் அதன் பெயர் இன்ட்யூன் மேனேஜ்மென்ட் எக்ஸ்டென்ஷன். நிறுவனம் அக்கணினிக்கு ஏதாவது ஸ்கிரிப்டையோ அத்தகைய மென்பொருளையோ ஒதுக்கும்போது, அது தானாகவே இறங்கி, பின்னணிச் சேவையாக ஓடத் தொடங்குகிறது.

ஆக, சேர்க்கை கணினிக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உறவு. முகவர் அந்த உறவின்பேரில் வீட்டுக்குள் வந்து வேலை செய்யும் ஆள். உறவைப் புதுப்பித்ததாலேயே ஆள் திரும்பி வந்துவிடுவதில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து வேலை பார்க்கும் ஓர் இளம்பெண் அண்மையில் என்னை அழைத்தாள். "அண்ணா, நேற்று ரீ-என்ரோல் செய்துவிட்டேன். செட்டிங்ஸில் இணைந்திருப்பதாகக் காட்டுகிறது. ஆனால் விபிஎன்னும் வரவில்லை, ஒரு மென்பொருளும் வரவில்லை" என்றாள். "மக்களே, சேர்க்கை முடிந்திருக்கிறது, முகவர் வரவில்லை. சர்வீசஸ் பட்டியலைத் திறந்து அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்" என்றேன். சற்று நேரம் தேடிவிட்டு, "இல்லை அண்ணா" என்றாள். நிரல் கோப்புகள் இருக்க வேண்டிய அடைவிலும் முகவரின் உறை இல்லை. இத்தனை பார்த்துச் சொன்ன பிறகுதான் அவளுடைய நிறுவனத்தின் உதவி மேசைக்கு எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவானது. 'மறுபதிவு செய்தும் பலனில்லை' என்று எழுதியிருந்தால் மீண்டும் ஒருமுறை மறுபதிவு செய்யச் சொல்லியிருப்பார்கள்.

முகவர் ஏன் திரும்பி வருவதில்லை? ஒரு காரணம் பழைய ஏடு. விண்டோஸ், தன் அமைப்புக் குறிப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில், எந்தச் சேர்க்கையின்கீழ் எந்தப் பொதி (நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்பு) நிறுவப்பட்டது என்று குறித்து வைக்கிறது. சேர்க்கை முறிந்தபோது அந்தக் குறிப்பு முழுதாக அழியாமல் போனால், புதிய சேர்க்கையில் 'இது ஏற்கெனவே நிறுவப்பட்டது' என்று கணினி எண்ணிக்கொள்கிறது. பொதியை மறுபடி வாங்குவதில்லை. மற்றொரு காரணம் இதற்கு நேர் எதிரானது. முகவர் கணினியிலேயே இருக்கும், ஓடவும் செய்யும். ஆனால் பழைய அடையாளச் சாவியை நீட்டிக்கொண்டிருக்கும். மேக் கணினிகளில் 'புரொஃபைல்' எனப்படும் மேலாண்மை அமைவுக் கோப்பை நீக்கினால் அதன் வழியே வந்த அமைப்புகள் போய்விடும். தனிப் பொதியாக நிறுவப்பட்ட முகவரோ அப்படியே தங்கிவிடக்கூடும். புதிய ஏட்டில் அந்தப் பழைய சாவிக்கு இடமில்லை. கணினியின் முன் இருப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், நிர்வாகியின் திரையிலோ அக்கணினி பல நாட்களாகத் தொடர்புகொள்ளாததாகக் காட்டும்.

மறுசேர்க்கை ஏன் தேவைப்படுகிறது என்பதற்கும் காரணங்கள் பல: நிறுவனம் ஒரு சேவையை விட்டு வேறொன்றுக்கு மாறுவது, கணினியின் சான்றிதழ் காலாவதியாவது, மதர்போர்டு மாற்றுவது. ஆப்பிள் கருவிகளில் நிர்வாகிகள் மிகவும் அஞ்சுவது ஒன்று உண்டு. மேலாண்மைச் சேவை ஆப்பிளின் தள்ளுசெய்தி (புஷ்) சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அதே ஆப்பிள் கணக்கில் பழையதைப் புதுப்பித்தால் சிக்கலில்லை. வேறு கணக்கில் புத்தம் புதிதாக ஒன்றை உருவாக்கிவிட்டால் அடையாளம் மாறிவிடும். ஏற்கெனவே சேர்ந்த கருவிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாக மறுசேர்க்கை செய்ய வேண்டியதுதான். இங்கே 'புதுப்பித்தல்', 'புதிதாக்கல்' என்ற இரண்டையும் தமிழில் கவனமாகப் பிரித்து எழுதுவது எத்தனையோ பேருடைய ஒரு வார வேலையைக் காப்பாற்றும்.

இன்ஸ்டால் என்பதற்கு 'நிறுவு' என்ற சொல் நிலைத்துவிட்டது, அது நல்ல சொல். மூலத்தில் இன்ஸ்டால் என்பது ஒருவரை அவருக்குரிய இருக்கையில் அமர்த்துவது. தேவாலயத்தில் குருவைப் பதவி இருக்கையில் அமர்த்தும் சடங்கிலிருந்து வந்தது. தமிழின் 'நிறுவு' நில் என்ற வேரிலிருந்து வருகிறது: நிற்கச் செய்வது, நிலைபெறச் செய்வது. அவர்கள் உட்கார வைக்கிறார்கள், நாம் நிற்க வைக்கிறோம், பயன் ஒன்றே. ஆகவே ரீஇன்ஸ்டால் என்பது 'மறுநிறுவல்'.

மறுநிறுவலில் வரிசை முக்கியம். முதலில் சேர்க்கை உண்மையாகவே முடிந்ததா என்று செட்டிங்ஸில் பணிக் கணக்கின் பக்கத்தைத் திறந்து, கடைசியாக ஒத்திசைந்த நேரத்தைப் பார்க்க வேண்டும். அது இன்றைய நேரமாக இருந்தால்தான் அடுத்த படி. பிறகு பழைய முகவரை முறையாக நீக்க வேண்டும். அடைவை மட்டும் அழிப்பது நீக்கம் ஆகாது. ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் வேலையை நிர்வாகியிடம் விட்டுவிடுவது நல்லது. அதன்பின் புதிய பொதி மேலாண்மைச் சேவையிலிருந்தே வர வேண்டும். பக்கத்து மேசை நண்பரின் கணினியிலிருந்து முகவரின் கோப்புகளை அப்படியே நகலெடுத்துப் போட்டால், அவருடைய அடையாளச் சாவியும் சேர்ந்தே வந்துவிடக்கூடும். பிறகு இரண்டு கணினிகள் ஒரே பெயரில் மாறி மாறித் தலைகாட்டும். எது எதுவென்று பிரிப்பது பெரும்பாடு. நிறுவிய பிறகு முகவரின் குறிப்பேட்டுக் கோப்பைத் திறந்து, சேவையகத்தோடு பேசிய வரி அதில் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சேவையை ஒருமுறை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் காத்திருக்காமல் உடனே தொடர்புகொள்ளும்.

சேர்க்கையை முறிப்பதற்கும் சொல் வேண்டும். 'நீக்கம்' என்றால் எதை நீக்குவது என்ற குழப்பம் வரும். 'விடுவிப்பு' என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது: கணினி நிறுவனத்தின் கட்டிலிருந்து விடுபடுகிறது, நிறுவனத்தின் அமைப்புகள் போகின்றன, பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கின்றன. வைப் என்பது வேறு. அது 'முழு அழிப்பு'. நிர்வாகியின் திரையில் இந்த இரண்டு பொத்தான்களும் அருகருகே இருக்கும் சேவைகள் உண்டு. ஆகவே கோரிக்கை எழுதும்போது 'கணினியை நீக்கிவிட்டுத் திரும்பச் சேருங்கள்' என்று எழுதாமல், 'விடுவித்து மறுசேர்க்கை செய்யவும், முழு அழிப்பு வேண்டாம்' என்று எழுத வேண்டும்.

விடுவிப்பதற்கு முன் வன்தட்டின் மறையாக்க மீட்புச் சாவியைக் கைப்பற்றிக்கொள்வது கட்டாயம். விண்டோஸின் மறையாக்க வசதியான பிட்லாக்கரில் அது 48 இலக்கங்கள் கொண்டது. மறுசேர்க்கைக்குப் பிறகு வரும் புதிய ஏட்டில் அந்தச் சாவி தானாக ஏறியிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. ஏறியிருக்கிறதா என்று நிர்வாகியிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும், இல்லையென்றால் சாவியை மாற்றிப் புதிதாக ஏற்றச் சொல்ல வேண்டும். மேக்கின் ஃபைல்வால்ட் சாவிக்கும் இதுவே முறை.