நொடிக்கணக்கில் சிக்காத பிரசாரம்

பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கினால் என் மேசைக்கு ஓர் அட்டவணை வந்துவிடும். இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸின் பகுதியாக இருக்கும் ரியூனியன் தீவில் ஓர் உள்ளூர் வானொலியின் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த வேட்பாளர் எங்கள் அலைவரிசையில் எத்தனை நொடி பேசினார் என்று கட்டம் கட்டமாக நிரப்பி வைக்க வேண்டும். ஒலிபரப்பைக் கண்காணிக்கும் ஆணையமான ஆர்கோம் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். 2017இல் அந்த ஆணையத்துக்கு வேறு பெயர். 2022 ஜனவரியில் பெயர் மாறியது, எங்கள் தலைவலி மாறவில்லை.

2027 ஏப்ரலில் அடுத்த தேர்தல். மக்ரோன் தொடர்ந்து இரண்டு முறை பதவியில் இருந்துவிட்டதால் மூன்றாம் முறை நிற்க முடியாது. களம் காலியாக இருப்பதால் கூச்சல் அதிகமாக இருக்கும். புதுச்சேரி, காரைக்கால் பக்கமிருந்து வந்து இங்கே வாக்குரிமையோடு வாழும் நம்மவர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது, "யாருக்குப் போடலாம்?" அதற்கு நான் வாய் திறக்க மாட்டேன். ஆனால் தலைவர்கள் பேசுவதை எப்படிக் கேட்பது என்று இந்த வேலை எனக்குச் சிலவற்றைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

முதலில் விதி. தொடக்க வாரங்களில் ஒவ்வொருவருக்கும் அவரவர் செல்வாக்குக்கு ஏற்ற நேரம்: கருத்துக்கணிப்பில் எங்கே நிற்கிறார், முந்தைய தேர்தல்களில் எவ்வளவு வாங்கினார், எவ்வளவு ஊர் சுற்றுகிறார் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். முதல் சுற்றுக்கு முந்தைய இரண்டு வாரங்களில் மட்டும் அச்சுப் பிசகாத சமம். 2022இல் களத்தில் பன்னிரண்டு பேர். மார்ச் 28 முதல், ஆட்சியில் இருந்தவருக்கும் அரை விழுக்காடு வாங்கக்கூடியவருக்கும் ஒரே அளவு. காசு கொடுத்து வானொலியிலோ தொலைக்காட்சியிலோ அரசியல் விளம்பரம் போடச் சட்டம் இடம் தராது. செலவுக்கும் உச்சவரம்பு உண்டு: 2022இல் முதல் சுற்றோடு நின்றவர்களுக்குச் சுமார் 1.69 கோடி யூரோ, இரண்டாம் சுற்றுக்குப் போன முதல் இருவருக்குச் சுமார் 2.25 கோடி. கொடியும் தோரணமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தேர்தல் சப்பென்றுதான் இருக்கும். (மேயர் தேர்தல் வேறு கதை. அதில் நம் ஊர் வாடை நன்றாகவே அடிக்கும்.)

இத்தனை கட்டுப்பாடு இருந்தால் எல்லாம் நியாயமாகத்தானே நடக்கும்? ஒரு காலைச் செய்தியைப் பாருங்கள். கரும்பு விலை பற்றி மூன்று நிமிடத் தொகுப்பு. நடுவில் ஒரு வேட்பாளரின் குரல் நாற்பது நொடி, அவருடைய கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளர் இருபது நொடி. ஆதரவாளர் பேசினாலும் வேட்பாளர் கணக்கில்தான் ஏறும் என்பதால் அறுபது நொடி என்று எழுதுகிறேன். மறுநாள் இன்னொரு வேட்பாளருக்கும் அறுபது நொடி. முதலாமவரிடம் நிருபர் கேட்டது, இறக்குமதிப் பொருள் விலையைக் குறைக்க என்ன செய்வீர்கள் என்று. இரண்டாமவரிடம் கேட்டது, உங்கள் கட்சிக்குள் ஏன் இத்தனை சண்டை என்று. இருவரும் அறுபது நொடி நன்றாகவே பேசினார்கள். அட்டவணை அப்பழுக்கில்லாமல் இருக்கும். கேட்டவர் மனத்தில் ஒருவர் திட்டத்தோடும் மற்றவர் சண்டையோடும் தங்கிவிடுவார்.

வேட்பாளர் பேசியது போக, அவரைப் பற்றி நாங்கள் பேசுவதற்கும் அட்டவணையில் ஒரு பத்தி உண்டு. வெளிப்படையாக அவருக்கு எதிரான பகுதியை மட்டும் அதில் சேர்க்கக் கூடாது. வெளிப்படையாக என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சிரித்துக்கொண்டே காலை வாரும் அறிவிப்பாளரை நான் எந்தக் கட்டத்தில் போடுவது?

அடுத்தது கோவில் படம். பிரான்ஸ் பெருநிலத்திலிருந்து தீவுக்கு வரும் தலைவர்களின் பயணத் திட்டத்தில் கரும்புத் தோட்டம், சந்தை, மசூதி இவற்றோடு ஒரு தமிழ்க் கோவிலும் பெரும்பாலும் இருக்கும். சேன்-ஆந்த்ரே பக்கம் கோவில்களுக்குக் குறைவில்லை. வழிபாட்டுத் தலத்தில் அரசியல் கூட்டம் நடத்தக் கூடாது என்று 1905ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆகவே தலைவர் அங்கே பேச மாட்டார். செருப்பைக் கழற்றுவார், மாலைக்குக் குனிவார், திருநீறு வைக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். என் அட்டவணையில் சுழியம். மறுநாள் செய்தித்தாளில் அரைப்பக்கம். தலைவர்கள் கோவிலுக்கு வருவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நம் ஆட்களும் மனம் நிறைந்துதான் மாலை போடுகிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போது, வெளியே வந்த பிறகு அவர் விலைவாசி பற்றியும் வேலை பற்றியும் என்ன சொன்னார் என்று தேடிப் பாருங்கள். பல நேரம் அந்தச் செய்தியில் அதற்கு ஒரு வரிகூட இருக்காது.

வேடிக்கை காட்டுவதும் அப்படித்தான். 2017 ஏப்ரல் 18 அன்று இடதுசாரி வேட்பாளர் மெலான்ஷோன் திஜோன் நகர மேடையில் பேச, அதே நேரத்தில் எங்கள் தீவின் லெ போர் உட்பட ஆறு ஊர்களில் முப்பரிமாண ஒளியுருவாகத் தோன்றினார். குஜராத் தேர்தலில் மோடி 2012இலேயே இதைச் செய்துவிட்டார் என்பது நம்மில் பலருக்குத் தெரியும், பாரிஸ் ஊடகங்களுக்கோ அது அதிசயமாக இருந்தது. ஒளியுரு எப்படி வேலை செய்கிறது என்று எல்லோரும் விளக்கினார்கள். அன்று அவர் என்ன பேசினார் என்று கேட்டால் அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களே யோசிக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட எனக்கு எரிச்சலூட்டும் உத்தி, குற்றம் சாட்டாமலே குற்றம் சாட்டுவது. 2017 மே 3ஆம் தேதி நேருக்கு நேர் விவாதத்தில் தீவிர வலதுசாரி வேட்பாளர் மரின் லெ பென், மக்ரோனுக்கு பஹாமாஸ் தீவுகளில் கணக்கு ஏதும் இருப்பதாகப் பின்னால் தெரியவராது என்று நம்புவதாகச் சொன்னார். இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அந்த மாலையில் இணையத்தில் போலி ஆவணங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மறுநாள் மக்ரோன் புகார் கொடுத்தார். மறுப்பை ஒலிபரப்பும்போதெல்லாம் பஹாமாஸ் என்ற பெயரையும் சேர்த்தே ஒலிபரப்ப வேண்டியிருந்தது. "நம்புகிறேன்", "மக்கள் கேட்கிறார்கள்", "நான் சொல்லவில்லை, ஆனால்" என்று ஒரு தலைவர் தொடங்கினால் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். ஆதாரம் கையில் இருப்பவர் அப்படித் தொடங்குவதில்லை.

ஊடகமே வேட்பாளரின் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே போக வேண்டாம். ரேடியோ ஃப்ரீடம் நிலையத்தைத் தொடங்கிய கமிய் சுத்ர் 1992 தேர்தலுக்குப் பின் இந்தத் தீவின் பிராந்திய மன்றத் தலைவரானார். அவருடைய ஃப்ரீடம் ஒலிபரப்புகள் பிரசாரமாகக் கொள்ளப்பட்டு, உயர் நிர்வாக நீதிமன்றம் அவரது தேர்தலைச் செல்லாததாக்கியது. 1993இல் அவருடைய மனைவி மார்ஜி சுத்ர் அதே பதவிக்கு வந்தார். தீர்ப்பு சரிதான். மக்களின் காது அதற்குள் பழகிவிட்டிருந்தது.

கருத்துக்கணிப்புக்கு வருகிறேன். தொடக்க வாரங்களில் நேரம் ஒதுக்கக் கணிப்பும் ஓர் அளவுகோல் என்றேன் அல்லவா? கணிப்பில் உயர்ந்தவருக்கு அதிக நேரம், அதிக நேரம் கிடைத்தவர் கணிப்பில் உயர்வார். மேலும், தேசியக் கணிப்புகளில் பல பிரான்ஸ் பெருநிலத்தில் மட்டும் ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் எடுப்பவை. மூன்று விழுக்காடு இப்படியோ அப்படியோ போகலாம். ஒரு புள்ளி ஏறியதைத் தலைப்புச் செய்தியாக்குவது என் தொழிலின் சோம்பேறித்தனம். 2002இல் முதல் சுற்று முடிந்த இரவு, பிரதமராக இருந்த சோஷலிஸ்ட் ஜோஸ்பன் 16.18 விழுக்காட்டோடு வெளியேற, லெ பெனின் தந்தை 16.86 விழுக்காட்டோடு இரண்டாம் சுற்றுக்குப் போனார். ஒரு புள்ளிகூட இல்லாத அந்த இடைவெளி பிரான்ஸையே உலுக்கியது.

நம் தீவின் வாக்கு அந்தக் கணிப்புகளில் தெரியாது என்பதற்கு 2022 போதும். முதல் சுற்றில் இங்கே மெலான்ஷோன் சுமார் 40, லெ பென் சுமார் 25, மக்ரோன் 18 விழுக்காடு. இரண்டாம் சுற்றில் நாடு முழுவதும் மக்ரோன் 58.55 வாங்கி வென்றபோது, ரியூனியனில் லெ பென் 59.57 வாங்கினார். ஐந்து ஆண்டுக்கு முன் இதே தீவு மக்ரோனுக்கு 60 விழுக்காடு கொடுத்திருந்தது. பாரிஸ் ஸ்டூடியோக்களில் உட்கார்ந்திருந்தவர்கள், தீவு தீவிர வலதுசாரியாகிவிட்டது என்று அன்றிரவே முடிவு கட்டினார்கள். அதே ஆண்டு ஜூன் மாத நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் ஏழு தொகுதிகளில் ஆறு இடதுசாரிகளுக்குப் போனது. சரி, அப்படியானால் வெறும் கோபம்தான் என்று சிலர் ஆறுதல் அடைந்தார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் லெ பென் கட்சி இங்கே தன் முதல் தொகுதியை வென்றது. 2018 நவம்பரில் எரிபொருள் வரிக்கு எதிராகக் கிளம்பிய மஞ்சள் அங்கிப் போராட்டத்தால் ஊரடங்கு போட வேண்டிவந்த தீவு இது. விலைவாசி, வேலையின்மை, தடுப்பூசி விதிகள் என்று கோபத்துக்குக் காரணம் பல. அவற்றை விசாரிக்க ஓர் இரவு விவாதம் போதாது.

கடைசியாக வாட்ஸ்அப். வெள்ளி நள்ளிரவோடு பிரசாரம் முடிகிறது. அதன் பிறகு வேட்பாளர் மறுப்புச் சொல்லவும் முடியாது, நாங்கள் அதை ஒலிபரப்பவும் முடியாது. வதந்தி பரப்புகிறவர்களுக்கு இதைவிட வசதியான நேரம் ஏது? 2017 மே 5, வெள்ளி இரவு, மக்ரோன் குழுவின் ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள் இணையத்தில் கொட்டப்பட்டது தற்செயல் அன்று. பொய்யைத் தடுக்க 2018 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. நீதிபதி 48 மணி நேரத்தில் முடிவு சொல்லலாம். வெள்ளி இரவு புறப்பட்ட பொய்க்கு 48 மணி நேரம் கழிந்தால் ஞாயிறு இரவு, அதற்குள் வாக்குப்பெட்டியைத் திறந்து எண்ணத் தொடங்கியிருப்பார்கள்.

2022இல் இரண்டாம் சுற்றுக்கு முந்தைய சனிக்கிழமை, தெரிந்த பெரியம்மா ஒருவர் குரல் பதிவு ஒன்றைக் காதருகே வைத்துக் கேட்கச் சொன்னார். ஓர் ஆண் குரல், அமைதியாக, தமிழில்: வீட்டுக்கு வந்த வாக்குச்சீட்டு கொஞ்சம் கிழிந்திருந்தாலும் செல்லாது, ஒரு கட்சியின் சீட்டை மட்டும் வேண்டுமென்றே கிழித்து அனுப்புகிறார்கள்.

"என் தங்கை மகன் அனுப்பியது தம்பி, அவன் பொய் சொல்வானா?"

"அவர் சொல்லவில்லை பெரியம்மா, அனுப்பியிருக்கிறார். பேசுவது யார் குரல்?"

அவருக்குத் தெரியவில்லை. தங்கை மகனுக்குத் தொலைபேசி போட்டோம், அவருக்கும் தெரியவில்லை, யாரோ அனுப்பினார்கள் என்றார். நான் சொன்னது இவ்வளவுதான்: வீட்டுக்கு வரும் சீட்டை எடுத்துப் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வாக்குச்சாவடி மேசையில் இருவர் பெயரிலும் புதிய சீட்டுகள் அடுக்கியிருக்கும். இரண்டையும் எடுத்துக்கொண்டு மறைப்புக்குள் போய் ஒன்றை உறையில் போடலாம். சந்தேகம் இருந்தால் மேரி எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் கேட்கலாம்.

2027க்கு ஒரு தகவல். பட்டியலில் பெயர் சேர்க்கக் கடைசி நாள், முதல் சுற்றுக்கு முந்தைய ஆறாவது வெள்ளி. ஊர் மாறியவர்கள் புதிய ஊரில் பதிய வேண்டும். அந்த நாளைத் தள்ளிப்போட்டு விட்டார்கள் என்று ஒரு குரல் பதிவு கட்டாயம் வரும்.