தம்பி காட்டிய இடத்தில்

இந்த மாதத்தில் இது நான்காவது. ஐம்பத்தெட்டு வயது அக்கா ஒருவர், மடித்து மடித்துக் கிழியும் நிலையில் இருந்த ஜெராக்ஸை என் மேசையில் வைத்தார். விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது. "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போக்கான்னு தம்பி சொன்னான் மேடம்." போட்டோ பிடித்தார்கள், கைரேகை எடுத்தார்கள், எதிர் ஓட்டலில் டிபன் வாங்கித் தந்தார்கள். தோட்டத்தில் இருந்த பங்கு போய்விட்டது. பத்தாயிரம் ரூபாய் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகப் பத்திரம் சொல்கிறது. அவர் பெற்றுக்கொண்டது ஒரு ரவிக்கைத் துணி.

தம்பிகளை நான் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு ஆத்திரம் வந்தது அக்கா அடுத்துச் சொன்னதில்தான்: "எனக்கு எதுக்கு மேடம் பங்கு? நான்தான் எண்பத்தஞ்சுலயே கட்டிக்கிட்டுப் போயிட்டேனே."

இந்த 'எண்பத்தொன்பதுக்கு முந்தின கல்யாணம்' கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு அரசு செய்த திருத்தம் 25.3.1989 முதல் மகள்களைப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்காளி ஆக்கியது. அதற்கு முன் கட்டிக்கொடுத்தவர்களை விட்டுவிட்டது. உண்மைதான். ஆனால் 9.9.2005-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டு அந்தக் கோடு அழிந்தது. 'அப்பா அதுக்கு முன்னாடியே போயிட்டாரே' என்ற அடுத்த சாக்கும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கோடு செத்தது. உரிமை பிறப்பால் வருவது, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். 20.12.2004-க்கு முன்பே முறைப்படி பாகம் பிரிந்திருந்தால், விற்றிருந்தால் மட்டும் கதை வேறு.

இதெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. (ஜூனியர் வக்கீல்களே இங்கேதான் குழம்புகிறார்கள்.) அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்தால், 1956-ல் வந்த அதே வாரிசுரிமைச் சட்டப்படியே மகன், மகள், மனைவி, தாய் எல்லோருக்கும் சரிபங்கு. கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும், எத்தனை பவுன் போட்டு அனுப்பியிருந்தாலும். சீரைப் பங்கில் கழிக்கிற கணக்கு சட்டத்தில் கிடையாது. அக்காவின் தோட்டம் அவர் அப்பா கிணறு வெட்டுகிற கான்ட்ராக்ட் எடுத்து வாங்கியது. அதில் எண்பத்தொன்பதுக்கு என்ன வேலை? நான் சொல்வது இந்துக் குடும்பங்களுக்கு. மற்றவர்களுக்குச் சட்டம் வேறு.

1929-ல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. சுயமரியாதையையும் சொத்தையும் அன்றைக்கே ஒன்றாக முடிச்சுப் போட்டவர்கள் ஒன்றும் விவரம் கெட்டவர்கள் இல்லை.

எல்லோரும் பங்கு கேட்டு வழக்குப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தனக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்து, தம்பி கஷ்டத்தில் இருக்கிறான் என்று விட்டுக்கொடுத்த பெண்களுக்கு நானே பத்திரம் எழுதியிருக்கிறேன். அதில் ஒருவர், "மாடி ரூம் மட்டும் எம்பேர்ல இருக்கட்டும், நான் வந்தா யாரையும் கேட்காம தங்கணும்" என்று எழுதச் சொன்னார். தம்பி வாயே திறக்கவில்லை.

படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் உங்கள் மகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பத்திர எழுத்தரை நம்பாதீர்கள், அவருக்குக் கூலி தருவது தம்பி. சம்மதமா, பணம் வந்ததா என்று சார்பதிவாளர் கேட்டால் மாடு மாதிரித் தலையாட்டாதீர்கள். வரவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்டு வழக்குப் போட வேண்டும். தை பிறக்கட்டும், சித்திரை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

வக்கீலுக்குப் பணமில்லையா? மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசம், வருமானம் எவ்வளவு இருந்தாலும். 15100-க்குப் போன் செய்யுங்கள். நேரில் வந்தால் பத்திர நகலைக் கொண்டு வாருங்கள். தம்பியைக் கூட்டி வராதீர்கள்.