சம்பளம் நின்ற பிறகும் சம்பளக்காரர் பிரீமியம்: மெடிகேரின் ‘இர்மா’

அமெரிக்காவில் ஓய்வு பெற்று மெடிகேரில் (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) சேர்ந்த சிலருக்கு, அரசின் ஓய்வூதிய அலுவலகமான சோஷியல் செக்யூரிட்டியிலிருந்து ஒரு கடிதம் வரும்: வருமானம் அதிகம் என்பதால் கூடுதல் பிரீமியம் கட்டவேண்டும் என்று. ‘சம்பளமே நின்றுபோச்சே, எந்த வருமானம்?’ என்று தோன்றும். இரண்டு வருடத்துக்கு முந்தைய வருமானம்தான். 2026 பிரீமியத்துக்கு 2024 வரிக் கணக்கைப் பார்க்கிறார்கள். அந்தக் கூடுதல் தொகைக்குப் பெயர்தான் இர்மா.

2026இல் டாக்டர் செலவுக்கான பார்ட் பி-க்கு வழக்கமான பிரீமியம் மாதம் 202.90 டாலர். 2024 வருமானம் தனிநபருக்கு 1,09,000 டாலரையோ, சேர்ந்து வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,18,000 டாலரையோ தாண்டியிருந்தால் முதல் படியிலேயே அது 284.10 ஆகிவிடும். மருந்துக்கான பார்ட் டி-யிலும் 14.50 கூடும். ஒரு டாலர் தாண்டினாலும் முழுத்தொகைதான். இருவருமே மெடிகேரில் இருந்தால் ஆளுக்கு ஆள் தனித்தனியாகப் பிடிப்பார்கள். அந்த ஒரு டாலரால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2,300 டாலர் போகும். தனியார் கம்பெனி வழியாக வரும் மெடிகேர் அட்வான்டேஜ் எடுத்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

எது வருமானம்? வரிப் படிவத்தில் வரும் ஏஜிஐ (சில கழிவுகள் போக மிஞ்சும் மொத்த வருமானம்), அதோடு உள்ளூர் அரசுகளின் கடன் பத்திரமான முனிசிபல் பாண்டில் வரும் வரியில்லாத வட்டி. கம்பெனி வழி ஓய்வுச் சேமிப்பான 401கே-யில் எடுத்த பணம், பங்கு விற்ற லாபம் எல்லாம் ஏஜிஐ-க்குள் வந்துவிடும். ரோத் என்பது வரி கட்டிய பணத்தைப் போட்டுவைக்கும் ஓய்வுக் கணக்கு; அதிலிருந்து முறைப்படி எடுப்பது வராது. நம்மவர்கள் கவனிக்காத ஒன்று: ஊரில் மனை விற்ற லாபமும், இந்திய வங்கி எஃப்.டி. வட்டியும் அமெரிக்க வரிக் கணக்கில் சேரும். இந்தியாவில் கட்டிய வரிக்கு அமெரிக்க வரியில் சலுகை கிடைத்தாலும், இர்மா பார்க்கும் வருமானம் அதனால் குறையாது.

சரி, வேலையை விட்டதால் வருமானம் விழுந்துவிட்டது என்றால்? எஸ்எஸ்ஏ-44 என்ற படிவம் இருக்கிறது. ஓய்வு, வேலை நேரக் குறைப்பு, துணையின் மரணம், விவாகரத்து, திருமணம், பென்ஷன் இழப்பு போன்ற காரணங்களை ஏற்பார்கள். வேலை நின்றதற்கான சான்றையும் இந்த வருட வருமான மதிப்பீட்டையும் இணைத்துக் கொடுத்தால், புதிய வருமானத்தை வைத்துக் கணக்கிடச் சொல்லலாம். கடிதம் வந்ததும் பேசாமல் கட்டிவிடுகிறவர்கள் இழப்பது இந்த வாய்ப்பைத்தான்.

ஆனால் மனை விற்றதையோ, பெரிய தொகையை 401கே-யிலிருந்து ரோத்துக்கு மாற்றியதையோ காரணமாகச் சொன்னால் ஏற்கமாட்டார்கள். அந்த ஒரு வருடம் கட்டித்தான் ஆகவேண்டும். அடுத்த வருட வருமானம் குறைந்திருந்தால் பிரீமியமும் தானாக இறங்கும். 65இல் மெடிகேரில் சேர நினைப்பவர்கள் ரோத் மாற்றம் போன்ற பெரிய வேலைகளை 63 வயதாகும் வருடத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.