வளவும் காம்பவுண்டும்

திருநெல்வேலிப் பக்கம் புதிதாகக் குடிவந்தவரிடம் “எந்த வளவுல இருக்கிய?” என்று கேட்பார்கள். தெருவில் ஒரே வாசல். உள்ளே போனால் ஒரு முடுக்கு, அதாவது குறுஞ்சந்து, அதை ஒட்டி வரிசையாக ஆறேழு வீடுகள், கோடியில் பொதுக் கிணறு. இத்தனையும் சேர்ந்தது வளவு. செட்டிநாட்டில் இதே சொல் வீட்டுக்குள் முற்றத்தைச் சூழ்ந்த பகுதியைக் குறிக்கும். யாழ்ப்பாணத்திலோ வீடும் மரங்களும் நிற்கும் மனைநிலமே வளவு.

அடிச்சொல் வளை, சூழ்தல் என்று பொருள். வளையல், வளையம், வளாகம் எல்லாம் இதன் பங்காளிகள். கடல் சூழ்ந்த உலகத்தைப் புறநானூற்றின் 189ஆம் பாட்டு ‘தெண்கடல் வளாகம்’ என்கிறது.

காம்பவுண்டின் கதை வேடிக்கையானது. மலாய் மொழியில் வீடுகள் கூடிய ஊர்ப்பகுதிக்குக் கம்போங் என்று பெயர். ஆங்கிலம் அதிலிருந்தே இதை எடுத்தது என்பது பெரும்பாலான அகராதிகளின் கருத்து. அதுவும் ஒரு வளவாகத்தான் பிறந்திருக்கிறது! நம்மிடம் வருவதற்குள் குடிகள் உதிர்ந்து சுவர் மிஞ்சிவிட்டது. “காம்பவுண்டு கட்டியாச்சா?” என்றால் சுவரைத்தான் கேட்கிறார்கள்.

காலநிலைக்கு இசைந்த நகரமைப்பைப் பேசுகிறவர்கள் வளவைத் திரும்பிப் பார்க்கக் காரணம் உண்டு. அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொதுச்சுவர் என்பதால் வெயில் படும் சுவர் குறைவு. முடுக்கின் அகலத்தைவிடச் சுவரின் உயரம் அதிகம். முடுக்கு வடக்கு தெற்காக ஓடினால் காலையும் மாலையும் நடைபாதை நிழலிலேயே கிடக்கும். உச்சிப்பொழுதுதான் சிக்கல். நெல்லை ஏறத்தாழ 8.7 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் பிறப்பை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் நேர் தலைக்கு மேல் வந்துவிடும். அப்போது சுவர் நிழலை நம்ப முடியாது. ஓட்டுக்கூரையோ சுண்ணாம்புக் காரை போட்ட தடித்த மட்டப்பா என்னும் தட்டைக் கூரையோதான் காக்க வேண்டும். ராத்திரியில் திறந்த முற்றம் பகல் சூட்டை வானத்துக்கு விட்டுவிட, குளிர்ந்த காற்று தரையோடு தங்கும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே இறங்கும் மேல்காற்று, கிழக்கு மேற்காக ஓடும் முடுக்குக்குள் புகுந்துவிட்டால் கொடியில் துணி நிற்காது.

காற்றை முடுக்குவதால் முடுக்கு என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் இது மூலை, குறுஞ்சந்து என்னும் பொருளில் வரும் பெயர்ச்சொல். விரைவுபடுத்தும் வினையை இதில் ஏற்ற வேண்டாம்.

வளவு வாழ்க்கையில் குறையில்லை என்று யாரும் சாதிக்க முடியாது. கிணற்றடியில் யார் முதலில் இறைப்பது என்ற தகராறும், கோடியில் இருக்கும் ஒற்றைக் கழிப்பறைக்கு விடியலில் காத்துநிற்பதும் அதோடு சேர்ந்தவை.

மொழிபெயர்ப்பவர்களுக்கு: கோர்ட்யார்டு என்பதற்கு முற்றம் போதும். கிளஸ்டர் ஹவுசிங் என்பதைக் ‘கொத்து வீட்டமைப்பு’ என்று எழுதுகிறார்கள். கத்தரிக்காய் வாங்குவதுபோல இருக்கிறது. ‘வளவுக் குடியிருப்பு’ என்றாலே எங்கள் பக்கத்தில் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. கேட்டட் கம்யூனிட்டிக்கும் இந்தச் சொல்லைக் கேட்கிறார்கள். வில்லாக்கள் தனித்தனியே நின்று நாலு பக்கமும் வெயில் வாங்கும் இடத்துக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதற்குக் காம்பவுண்டே இருக்கட்டும்.